தண்ணீருக்கு ஒரு கால்

மதியம் இரண்டு மணிக்கு நீச்சல்குளத்தில் ஈ காக்காய் இல்லை.

தண்ணீரின் வெளிச்சம் கூரையில் ஏறி மெதுவாக நெளிந்துகொண்டிருந்தது. பேசினால் குரல் எங்கோ சுற்றிவிட்டுத் தாமதமாகத் திரும்பி வந்தது. விழித்திருக்கிறோமா என்று அவளுக்கே சந்தேகம்.

மருத்துவமனையில் செயற்கைக் கால் செய்பவள் அவள். அங்கே அவளுக்குக் கால் டாக்டர் என்று பெயர். இன்னும் முக்கால் பாக்கி என்று நர்ஸ்கள் கேலி செய்வார்கள்.

குளத்தின் விளிம்பில் அவன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும். விபத்தில் இடது முழங்காலுக்குக் கீழே போய் எட்டு மாதம் ஆகிறது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். முதல் நாள், "தண்ணியில போட்டுக்கிற மாதிரி ஒரு கால் வேணும்க்கா" என்றதோடு சரி.

நீந்தத்தான் கேட்கிறான் என்று நினைத்து மூன்று வாரம் மல்லாடினாள்.

முதலில் செய்தது இரண்டு கிலோகூட இல்லை. விளிம்புவரை நிரப்பிய தொட்டியில் அதை அமுக்கியபோது இரண்டு லிட்டர் நானூறு மில்லி வழிந்தது. எடையை அதனால் வகுத்தாள். அடர்த்தி ஒன்றுக்குக் கீழே. மாட்டிக்கொண்டு இறங்கினால் கால் மேலே கிளம்பும், ஆள் தலைகுப்புறக் கவிழ்வான்.

காலின் உட்குழிவில் ஈயத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். இரண்டு கிலோ நானூறு கிராம் வந்ததும் நிறுத்தினாள். வகுத்தால் ஒன்று. தண்ணீருக்கும் அதே ஒன்று.

தொட்டியின் நடுவில் விட்டாள். மேலே வராமல், கீழேயும் போகாமல், கனவில் நிற்பதுபோல் அந்தக் கால் அந்தரத்தில் நின்றது. அதைப் பார்த்தபடியே ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தாள்.

இன்று அவன் அதை மாட்டிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் இறங்கினான். கம்பியைப் பிடித்தபடி நாலு எட்டு வைத்தான். திரும்பி வந்து ஏறி உட்கார்ந்து காலைக் கழற்றினான். அவள் பையில் மீந்திருந்த ஈயப் பொட்டலத்தைக் கண்ணால் காட்டினான்.

"இன்னும் கனம் வேணும்க்கா. அது பூராவும்."



பொட்டலத்தில் ஒரு கிலோ இருநூறு இருந்தது. சேர்த்தால் அடர்த்தி ஒன்றரை. அவள் போடாமலே மனம் அந்தக் கணக்கைப் போட்டது.

எட்டு மாதமாக யாரோடும் பேசாதவன். ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் குளத்தை ஏற்பாடு செய்தவன்.

பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தம்பி, இதைப் போட்டா கீழ இழுத்துடும். மேல வர முடியாது."

"மேல வரவேணாம்க்கா. தரையோட இருந்தா போதும்."

கூரையில் வெளிச்சம் நெளிந்தது. ஓடிப்போய் யாரையாவது கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. பையை அவன் பக்கத்தில் விட்டுவிட்டுப் போகவும் பயமாக இருந்தது.

அப்போது உடைமாற்றும் அறையின் கதவு திறந்தது.

ஒருவன் தள்ள, ஈரத் தரையில் கிறீச்சிட்டுக்கொண்டு ஒரு சக்கர நாற்காலி வந்தது. துவாலையைப் போர்த்திக்கொண்டு அதில் ஒரு பெண். அவளுக்கு இரண்டு கால்களும் இருந்தன. இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன.

"இன்னும் முடியலையா? நான் இங்க விறைச்சுப் போறேன்" என்றாள்.

அவன் சிரித்ததைக் கால் டாக்டர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"என் மனைவிக்கா. அன்னைக்கு வண்டியில பின்னாடி உக்காந்திருந்தா. நாற்காலியத் தள்ளுறது என் மச்சான்."

மனைவியைத் தண்ணீரில் இறக்கிப் பழக்கினால் இடுப்புக்கு மேலாவது தேறும் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"நிக்கப் பாத்தா, இந்தக் கால் தரையில பாவ மாட்டேங்குது" என்றான்.

துணிப்பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினான். பட்டறையில் கால் டாக்டர் தொட்டியில் அளந்ததைப் பார்த்துவிட்டுப் போன அன்றே, மச்சானைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வீட்டுக் குளியல்தொட்டியில் மனைவியைக் கழுத்துவரை உட்காரவைத்து விளிம்புவரை நிரப்பியிருக்கிறான். அவளைத் தூக்கியபின் குறைந்த தண்ணீரை லிட்டர் லிட்டராக ஊற்றி அளந்திருக்கிறான்.

"வீடு பூரா வெள்ளம்" என்றாள் மனைவி.

சீட்டில் மூன்றே வரி. எடை நாற்பத்தெட்டு கிலோ. தண்ணீர் நாற்பத்து நான்கு லிட்டர். மூன்றாவது வரியின் கீழ் மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தது.

"விபத்துக்கப்புறம் இவள ஒரு தடவகூட என்னால தூக்க முடியல. எல்லாம் மச்சான்தான்" என்றான். "தண்ணிக்குள்ள நாலு கிலோதான்னா நானே தூக்கிடுவேன்க்கா."