தலைவணங்கா மன்னர்

நாட்டு மக்கள் அனைவருக்கும் பேருவகையுடன் அறிவிக்கப்படுவது என்னவென்றால், எதிரிப்படை கொள்ளையடித்துப் போன தலைவணங்கா மன்னரின் ஓவியம் மீட்கப்பட்டுவிட்டது. மீட்டவர் அமைச்சர் என்கிறது அறிவிப்பு. போய் எடுத்துவந்தது அருங்காட்சியகக் காவலாளி சிவக்கொழுந்து.

எதிரித் தளபதி வீட்டில் சமையல்காரராக நுழைந்து, முன்னூறு வருஷத்துப் படத்தைச் சட்டத்திலிருந்து அறுத்தெடுத்து, மார்பிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை உடம்போடு சுற்றிக்கொண்டு, மேலே சட்டையை மாட்டிக் கிளம்பினார். காய்ந்துபோன சாயம், மடங்கினால் உதிர்ந்துவிடும். அதனால் கடைசிச் சோதனைச்சாவடி வரை விறைப்பாகவே நடந்தார்.

அங்கே எதிரியின் கொடி பறந்தது. கடந்து போகிறவர்கள் அதன்முன் இடுப்பு வளையக் குனிந்தாக வேண்டும். திட்டம் போட்ட அமைச்சர் குழுவில் யாருக்கும் இது தோன்றவில்லை. அவர்களில் ஒருவரும் அந்த வழியாக நடந்ததில்லை.

"என்ன பெரியவரே, கம்பத்தை முழுங்கின மாதிரி நிக்கிறீங்க?" என்றான் சிப்பாய்.

"இடுப்புப் பிடிப்பு, தம்பி."

"போன வாரம் இதையே சொன்னவன் அந்தச் சுவரோரமாக் கிடக்கிறான். குனிங்க."

துப்பாக்கி முனை வயிற்றைத் தொட்டது. சிவக்கொழுந்து கண்களை மூடிக்கொண்டு குனிந்தார். சட்டைக்குள் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது.

"அடேங்கப்பா, எலும்பா அது!" சிப்பாய் சிரித்துக்கொண்டே வழிவிட்டான்.

மறுநாள் விழா. படத்தை மாட்டிய சிவக்கொழுந்து ஏதோ சொல்ல வந்தார், நேரமில்லை என்றார்கள். எவனுக்கும் வளையாத வீரம் பற்றி ஒன்றரை மணிநேரம் முழங்கிவிட்டு, அமைச்சர் திரையை விலக்கினார்.

மன்னருக்கு இடுப்பு இல்லை.