முதல் மூன்று விநாடி

எஞ்சினின் முன்மூடியில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு, 'இன்னும் சாவியைத் திருப்ப வேண்டாம்' என்று டிரைவர் சீட்டில் இருந்த கணவனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

மூடி ஜில்லென்றிருந்தது. அதுதான் வேண்டும். ராத்திரி முழுக்க ஆறிப்போன எஞ்சினில்தான் இந்தக் கோளாறு முகம் காட்டும். மூன்றே விநாடி. பிறகு ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி ஓடும்.

ஒர்க்‌ஷாப் வாசலில், வரும் வண்டிகளைப் பதியும் மேசைக்குப் பின்னால், புது நாற்காலி ஒன்று கிடந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அவளுக்காக மாமனார் வாங்கிப் போட்டது.

அவர் கெட்டவர் இல்லை. நேற்றும் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தித்தான் சொன்னார்.

"இந்த வண்டி உன் கையால சரியாயிட்டா, உன் இடத்தைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேம்மா. இல்லேன்னா திங்கக்கிழமையிலேர்ந்து மேசைக்கு வந்துடு."

பத்து வருஷம் எஞ்சின் பிரித்த கைகள். நாற்காலிக்கு அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

வண்டி ஒரு நர்ஸுடையது. என்ன கோளாறு என்று கணவன் அட்டையில் எழுதி வைத்திருந்தான். 'காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கடகடவென்று சத்தம். சிக்னலில் உதறல். மேட்டில் இழுவை இல்லை.'

எஞ்சினுக்குள் ஓடும் செயின் தளர்ந்துவிட்டது, எஞ்சினை இறக்க வேண்டும், ஒரு வாரம் ஆகும். இது மாமனாரின் தீர்ப்பு.

நேற்றுக் காலை கை வைத்துப் பார்த்தபோதே அவளுக்கு அது இல்லை என்று தெரிந்துவிட்டது. செயின் தளர்ந்தால் மூடி நெடுக அதிரும். இதுவோ மேல் மூலையில் மட்டும், கேம் சக்கரத்துக்கு நேரே, குட்டிக் குட்டித் தட்டலாக விரலில் பட்டது.

அந்தச் சக்கரம் லேசுப்பட்டதல்ல. எஞ்சின் நிதானமாக ஓடும்போது காற்று புகும் வால்வுகளை ஒரு நேரத்திலும், மேடு ஏறும்போது கொஞ்சம் முந்தியும் திறக்கும்படி தன்னைத் தானே திருப்பிக்கொள்ளும். இடம் பார்த்துப் பேச்சை மாற்றும் கெட்டிக்கார மருமகள் மாதிரி. அதைத் திருப்புவது ஆயிலின் அழுத்தம். அந்த ஆயிலுக்கு வழி விடுவது, கட்டைவிரல் அளவே உள்ள ஒரு கண்ட்ரோல் வால்வு.

நேற்று அவள் அதைச் சொன்னதும் மாமனார் கேட்டார்: "கட்டைவிரல் சாமான்தான் பிரச்சினைன்னா, நான் இத்தனை வருஷம் எஞ்சினை இறக்கினதெல்லாம் பொழுது போகாமயாம்மா?"

"சில தடவை அப்படித்தான் மாமா."

கழற்றிப் பார்த்தாள். கொசுவலை போன்ற சின்னச் சல்லடையில் ஆயில் கசடு கறுப்பு மெழுகாக அப்பியிருந்தது. ஊரார் உடம்பைக் கவனிக்கும் நர்ஸுக்கு வண்டியின் ஆயில் மாற்ற மட்டும் நேரமில்லை. பேட்டரி வயரால் தொட்டால் விரலிடுக்கில் துள்ள வேண்டிய வால்வு செத்துக் கிடந்தது.

சல்லடை கிழியாமல் கழுவி மறுபடி தொட்டபோது, மீன்குஞ்சு மாதிரி துள்ளியது.

மாட்டினாள். புது ஆயில் ஊற்றினாள். எஞ்சினோடு சேர்ந்து அவளும் விடியும்வரை காத்திருந்தாள்.

இப்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். கணவன் சாவியைத் திருப்பினான்.

ஒன்று. உள்ளங்கைக்கு அடியில் எஞ்சின் விழித்தது.

இரண்டு. மேல் மூலையில் தட்டல் இல்லை.

மூன்று. தூங்கும் குழந்தையின் முதுகு போல ஒரே சீராக ஏறி இறங்கியது.

'அழுத்துங்க' என்று சைகை காட்டினாள். அவன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். ஏதோ ஒரு கட்டத்தில் அந்த அதிர்வு ஒன்றுதிரண்டு, அவள் முழங்கை வழியாக நெஞ்சுவரை பாய்ந்தது.

மாமனாரைப் பார்த்தாள்.

அவர் குனிந்தார். தலையை எஞ்சின் பக்கம் சாய்த்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி சாய்த்தார். பிறகு நேராக மேசைக்குப் போய், புது நாற்காலியின் உறையைச் சரக்கென்று கிழித்துப் போட்டுவிட்டு, தானே அதில் உட்கார்ந்துகொண்டார். பதிவேட்டைப் பிரித்தபடி, 'போ, போய் உன் வேலையைப் பார்' என்று அவளுக்குப் புறங்கையை அசைத்தார்.

கணவன் இறங்கி வந்தான். முகமெல்லாம் பல்.

"சத்தம் நின்னுடுச்சா?" என்று கேட்டாள்.

போன வருஷத்துக் காய்ச்சல் அவளுடைய இரண்டு காதுகளையும் கொண்டுபோனதிலிருந்து, முக்கியமான பதில்களை அவன் உதட்டசைவை மட்டும் நம்பிச் சொல்வதில்லை. அவளுடைய கிரீஸ் கையை எடுத்துத் தன் தொண்டைமேல் வைத்துக்கொண்டு, சொன்னான்.

புரிந்துவிட்டது. இருந்தாலும் அவள் கையை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.