முதல் செம்புப் பால்

"அந்தக் கல்லை எடுக்காதீங்க கங்காணி ஐயா! அது அங்கேயே இருக்கட்டும்."

கடப்பாரையை ஓங்கிய இராமையா கங்காணி திரும்பிப் பார்த்தார். காளியாயி மூச்சிரைக்க மலையேறி வந்து நின்றாள்.

"என்ன புள்ள பேசுற? இது காப்பித் தோட்டமா இருந்த காலத்துல நம்ம பாட்டன் பூட்டன் கும்பிட்ட மாரியம்மா. மண்சரிவுல கோயிலும் போச்சு, சாமிக்கல்லும் போச்சு. ஞாயித்துக்கெழமையெல்லாம் சம்பளமில்லாம பாடுபட்டு இப்பதான் சுவரை எழுப்பியிருக்கோம். அம்மாவே கண்ணுல பட்டுட்டா, இருக்கட்டுங்குறியே?"

"அது சாமிக்கல்லுதான்னு யாரு சொன்னா?"

"மஞ்ச பூசியிருக்கே! யாரோ புண்ணியவதி ஒளிச்சு வச்சுக் கும்பிட்டிருக்கா," என்றாள் அடுத்த லயத்து வரிசைவீட்டு மீனம்மா. "முருங்கை மரத்தடியில பின்ன யாரு ஒக்காந்திருப்பா, உன் மாமியாளா?"

கல் சுமக்க வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்படின்னா இங்கேயே ஒரு கூரை போடுங்க ஐயா. எடம் மாத்த வேணாம்."

"இங்கயா? நாளைக்கு இந்த எடத்துல பழைய தேயிலையப் புடுங்கிட்டுப் புதுக் கன்னுக்குக் குழி வெட்டணும். தொரை உத்தரவு. அம்மாவை மம்பட்டிக்குக் குடுக்கச் சொல்றியா?"

குழி என்றதும் காளியாயி கல்லை மறித்து நின்றாள். அவள் புருஷன் நல்லமுத்து கையைப் பிடித்து அப்பால் இழுத்துப் போனான்.

"வாயைத் தொறக்காத. தொரைக்குத் தெரிஞ்சா இன்னைக்கே தோட்டத்தை விட்டு எறக்கிருவான். எங்க போவோம்?"

"இவுகளுக்கு மட்டும் சொல்லிருவோமே..."

"கங்காணிக்குச் சொன்னா தொரைக்குச் சொன்ன மாதிரிதான்டி."

கல் பெயர்ந்து வந்தது. தப்பு முழங்க, குலவையிட்டுத் தலையில் சுமந்து போனார்கள். பின்னால் நடந்த காளியாயி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கல் இருந்த பள்ளத்தை யாரோ காலால் மண் தள்ளி மூடிவிட்டிருந்தார்கள். தேயிலைக்கு நிழலாக நட்ட முருங்கை மரங்கள் எல்லாம் ஒன்றுபோலவே நின்றன.

லயத்து மாடுகளின் பாலெல்லாம் கோயிலுக்கு வந்து சேர்ந்தது.

"மொதச் செம்பு காளியாயி ஊத்தட்டும்," என்றாள் மீனம்மா. இப்போது அவள் குரலில் கேலி இல்லை. "முப்பத்தஞ்சாம் வருசக் காய்ச்சல்ல புள்ளையப் பறிகுடுத்தவ. அம்மா மனசு எறங்கி இன்னொண்ணு குடுப்பா."

செம்பு கைக்கு வந்தது. நல்லமுத்து தலை குனிந்துகொண்டான்.

"ஊத்து தாயி, அம்மா காத்திருக்கால்ல," என்றார் கங்காணி.

ஊற்றினாள்.

பறித்த கொழுந்தை எடைபோட்டு முடிக்காமல் பால் கொடுக்கப் போகக் கூடாதென்று இதே கங்காணி அன்று மறித்ததால், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் காய்ச்சலோடு பாலுக்கு அழுதழுதே அடங்கிப்போனாள் மகள். ஆறு பெருகி இடுகாட்டுக்கு வழியில்லாத அந்த அடைமழையில், தேயிலைக்குள் அவளை ஒளித்துப் புதைத்துத் தலைமாட்டில் காளியாயி தன் கையால் நட்டு மஞ்சள் பூசிவந்த கல்லின் மேல், செம்பு செம்பாகப் பால் வழிந்தோடியது.