சாயும் வரை

ரொட்டிக்கடை அடுப்பில் விறகு போடும் கயித்தான், அடுப்புக் கதவில் கைவைத்ததும் ஒவ்வொரு முறையும் சற்று நேரம் அப்படியே நிற்பார். முதலாளி அருமைநாயகத்துக்கு அதைக் கண்டால் எரிச்சல்.

"எதுக்குவே நிக்கீரு? உள்ள ஆளா இருக்கு?"

கயித்தான் இருபத்திரண்டு வருடம் நீராவிக் கப்பலின் அடித்தளத்தில் கரி அள்ளிப் போட்டவர். கப்பல் அடுப்பின் பக்கம் சாயும்போதுதான் அங்கே கதவைத் திறக்க வேண்டும்; ஆள் பக்கம் சாயும்போது திறந்தால் தணல் காலில் கொட்டும். அவருடைய இடது பாதம் அதற்குச் சாட்சி. அந்தக் கப்பலைப் பழைய இரும்பாக உடைத்து விற்று ஆறு வருடமாகிறது. ரொட்டிக்கடையின் செங்கல் தரை ஒருநாளும் சாய்ந்ததில்லை.

"இனியும் நின்னீருன்னா நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கிடுவேன்" என்றார் அருமைநாயகம் அன்று காலை.

ரொட்டி வாங்க வந்த கிழவர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அதே கப்பலில் பக்கத்து அடுப்புக்குக் கரி போட்ட சூசை. கதவில் கைவைத்து நின்ற கயித்தானின் முதுகை அவருக்குத் தெரியும். பெயர் சொல்லி அழைக்கவில்லை. கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டார்.

"பொறுடே... பொறு."

கயித்தான் திரும்பவில்லை. அவர் உடம்பு மட்டும் மெல்ல அடுப்பை நோக்கிச் சாய்ந்தது. சூசையும் சாய்ந்தார்.

"இப்பத் தொற!"

கதவு திறந்தது. அருமைநாயகம், மேசைமேல் அடுக்கியிருந்த ரொட்டித் தட்டுகள் சரிந்துவிடாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.