செய்முறைப் பயிற்சி

“கொழுந்து பறிக்கிற கைக்கு போன் எங்க புடிபடப்போகுது?”

போனில் பாடம் நடத்துவது பற்றி ஹட்டனில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் பயிற்சியாளர் தரணிதரன் தோட்டத்து ஆசிரியர்களைப் பார்த்து இப்படிக் கேட்டதும் முன்வரிசை சிரித்தது. மஸ்கெலியாவிலிருந்து வந்திருந்த தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியை கோசலா, தலைகுனிந்து தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் அவரிடமே போனாள். “சார், ரெக்கோட் பண்ணுன பாடத்த டீச்சர்மார் குரூப்புல போடுறது எப்படிங்க?”

“இதுகூடத் தெரியாமத்தான் மாறுற ஒலகத்துக்குப் புள்ளைகள தயார் பண்றீங்களா?” போனைப் பிடுங்கித் தானே அழுத்தினார். “போயிருச்சு. என்ன பாடம்?”

“காலையில நீங்க எங்க கையப் பத்தி நடத்துனீங்களே, அதுதாங்க.”

உடனே தரணிதரனின் போன் அலறியது. அதே குரூப்பில் இருக்கும் கல்விப் பணிப்பாளர்.

“எடுத்துப் பேசுங்க சார்,” என்றாள் கோசலா. “அனுப்புனது கொழுந்து பறிக்கிற கை இல்லீங்களே.”