செம்பனும் கரியானும்

இரண்டு நாடுகளைப் பிரிக்கும் கம்பிவேலி அது. இருபுறமும் பக்கத்துக்கு ஒரு வான்கோழிப் பண்ணை, பண்ணைக்கு ஓர் எருக்குவியல். இந்தப் பக்கத்து எருக்குவியலின் பெயர் செம்பன்; மரத்தூள் கலந்து பக்குவப்படுத்திய எரு. அந்தப் பக்கத்துக் குவியல் கரியான்; அவனுக்குக் கரித்தூள் கலந்திருந்தார்கள். மக்காச்சோளம் விதைக்கப் பத்து நாள் இருந்தது. அதுவரை, பயிரைப் பச்சையாக்கும் தழைச்சத்தைக் காற்றில் விடாமல் வைத்திருப்பதுதான் இருவருக்கும் வேலை.

“எங்க நாட்டுப் பக்குவத்துல சத்து துளியும் வெளியே போகாது,” என்றான் செம்பன்.

“அப்படியா? உன் நெடியில எனக்குக் கண்ணு எரியுதே! எங்க நாட்டுல இப்படி வீணாக்க மாட்டாங்க.”

செம்பனுக்குச் சுருக்கென்றது. கத்தினான். கரியானும் விடவில்லை. கோபத்தில் இருவர் உடம்பும் கொதித்து, குபுகுபுவென்று சத்து ஆவியாகக் கிளம்பியது.

மூன்றாம் நாள் மூச்சு வாங்க நிறுத்தியபோது வேலியடியில் ஒரு குரல் கேட்டது. எந்த நாட்டையும் சேராத ஒரு புல், தளதளவென்று இடுப்புயரம் வளர்ந்து நின்றது.

“ஏண்ணே நிறுத்திட்டீங்க? நீங்க பேசப் பேசத்தான் எனக்குப் பச்சை ஏறுது. ரெண்டு நாட்டுச் சரக்கும் நல்ல ருசி!”

செம்பன் திகைத்துப்போனான். அப்புறம் அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“கரியா, நான் வாயை மூடிக்கிறேன்டா!”

“நானும்தான்டா!” கரியானும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

விதைப்பு நாளில் இருவரும் மீதமிருந்த சத்தோடு குதூகலமாக வயலில் இறங்கினார்கள். புல் மட்டும் இருபுறமும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டது:

“அடுத்த சண்டை எப்பண்ணே?”