கூடாரத்தில் பல்லி

அடையாறு மாந்தோப்பில் சாரணியர் கோடை முகாமின் மூன்றாம் நாள். மதிய ஓய்வுக்கு விசில் ஊதியாயிற்று. வெயில் கூடாரத் துணியை ஊடுருவி உள்ளே மஞ்சளாக நிற்கிறது. திருநெல்வேலியிலிருந்து வந்து குடியேறிய தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் மகள் இசக்கியம்மாள் படுதாவை விலக்கி நுழைகிறாள். "ஏய், பல்லிடீ" என்கிறாள் ரத்னா. கூடாரத்தின் சிரிப்பு அப்படியே நின்றுபோகிறது. இசக்கியம்மாள் கேப்டன் டீச்சரோடு ஒரே ரிக்‌ஷாவில் வந்து இறங்கிய நாளிலிருந்து இதே கதைதான். அவளுக்கோ பல்லி என்றால் உயிரே போய்விடும். "ஏட்டி, எங்க இருக்கு?" என்று கேட்டால் ஒருத்தியும் காட்டுவதில்லை. நேற்று அவளே தேடப் போய் ரத்னாவின் ஜமக்காளத்தை உதறினாள். பல்லி விழவில்லை. தோப்பில் திருடி ஒளித்திருந்த மாங்காய்கள் உருண்டோடி, வாசலுக்கு வந்த டீச்சரின் காலடியில் போய் நின்றன. மற்றவர்களுக்கெல்லாம் கக்கூஸ் குழி வெட்டும் தண்டனை.

இன்று அவள் எதுவும் கேட்கவில்லை. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, நூலிடுக்கு வழியே கூடாரத்தை அங்குலம் அங்குலமாகத் துழாவுகிறாள். கம்பத்தில் தொங்கும் அலுமினியத் தட்டு காற்றில் லேசாக இடித்தாலும் உடம்பு தூக்கிப்போடுகிறது. குழி வெட்டிவிட்டு வந்த சொர்ணம், மண் அப்பிய காலோடு வாசலில் நின்று கிசுகிசுக்கிறாள்: "பல்லி எங்கடீ கீது?" ரத்னாவின் முகவாய் மெல்லத் திரும்பி, நேராகப் போர்வையைக் காட்டுகிறது. "தோ, போத்திக்கினு கீது. கேட்டுக்கினே இருந்து டீச்சராண்ட போய் சொல்லும்." இசக்கியம்மாள் மூச்சை அடக்கி, கூடாரத் துணியோரம் அசையாமல் ஒட்டிக்கொண்டு கிடக்கிறாள்.